விலை ஏறிய வாரம்

— வண்டிய முதல்ல அணைக்கச் சொல்லுங்க தம்பி. கேட்டு இன்னிக்குத் திறக்காது.

— என்ன அண்ணி, சாவியைத் தொலைச்சுட்டீங்களா? நான் வேணா சுவரேறிக் குதிச்சு வந்து தேடித் தரட்டுமா?

— சாவி என் இடுப்புலதான் இருக்கு. நீங்க அந்தப் பக்கமே நில்லுங்க. கம்பியைப் பிடிக்காதீங்க, கையை எடுங்க.

— சரி, எடுத்துட்டேன். இப்ப சொல்லுங்க, யாரு வந்தது?

— யாரு வரணும்?

— மறைக்காதீங்க அண்ணி. அந்தப் பெரிய மார்க்கெட்டுக்காரன் இந்த ரோட்டுலயே சுத்திக்கிட்டுத் திரியறான். பண்ணை பண்ணையா நுழைஞ்சு, நான் கொடுக்கிறதுக்கு மேல தரேன்னு ஆசை காட்டிக்கிட்டு இருக்கான். இங்கயும் வந்திருப்பான். அண்ணனுக்கு என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லக் கூச்சம். அதான் உங்களைக் கேட்டுக்கு அனுப்பிட்டு உள்ள உக்காந்திருக்காரு.

— அவரு அப்படிப்பட்ட ஆளா தம்பி? யாரும் வரல. யாருக்கும் நாங்க வாக்குக் கொடுக்கல.

— அப்ப விலையா? விலைன்னா பேசித் தீர்த்துக்கலாம். அண்ணன் வீட்டு வாசல்ல நின்னு பேரம் பேசறது எனக்கே நல்லால்ல. முட்டைக்கு நேத்துக் கொடுத்ததுக்கு மேல ஏத்தித் தரேன். இன்னிக்கு விடிஞ்சதுமே மறுபடி ஏறிடுச்சு.

— இன்னுமா ஏறுது?

— பின்ன? கணக்குப் பாருங்க அண்ணி. ஆத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பண்ணைங்கள்ல பறவைக் காய்ச்சல்னு கோழியை மொத்தமா அழிச்சுட்டாங்க. இன்னிக்கே குஞ்சு விட்டாலும் அது வளர்ந்து முட்டை போட அஞ்சு மாசம் ஆகும். அதுவரைக்கும் அந்த இடம் காலிதான். மழையில மக்காச்சோளம் அழுகிப்போச்சு, தீவனக்காரன் காலையில ஒரு விலை, மத்தியானம் ஒரு விலை சொல்றான். போன வருஷ நஷ்டத்துல பாதிப் பேரு கோழியை வித்துட்டு ஷெட்டைச் சிமெண்டு மூட்டை அடுக்க வாடகைக்கு விட்டாச்சு. இத்தனையும் ஒண்ணா சேர்ந்திருக்கு. இதுக்கு நடுவுல ஜனங்க சும்மா இருக்காங்களா? ஏறப்போகுதாம்னு பக்கத்து வீட்டுல சொன்னதும், அரை டஜன் வாங்குற அம்மா ரெண்டு அட்டை முட்டையைத் தூக்கிக்கிட்டுப் போகுது. ஏறிடுமேன்னு பயந்து வாங்கியே ஏத்திவிடறாங்க.

— வாங்காம இருக்கலாம்ல?

— எப்படி இருப்பாங்க? அதான் இந்தச் சரக்கோட குணமே. விலை ஏறினா திட்டுவாங்க, ஆனா வாங்கறதை நிறுத்த மாட்டாங்க. பேக்கரிக்காரன் முட்டை இல்லாம கேக்கை எதை வெச்சுப் போடுவான்? காலையில புள்ளைங்களுக்கு வேற என்னத்தைச் சட்டுனு செஞ்சு கொடுக்கிறது? அதனால சரக்கு கொஞ்சம் குறைஞ்சாப் போதும், விலை எகிறிடும். கொஞ்சம் கூடிப்போச்சுன்னா தலைகுப்புற விழும். நடுவுல நிக்கவே நிக்காது. இதுல எனக்கு என்ன மிஞ்சுதுன்னு கேளுங்க. வண்டி வாடகை, அட்டை, உடைசல் எல்லாம் போக டீச்செலவுக்கு நிக்குது.

— ஆத்துக்கு அந்தப் பக்கம் முதல்ல யாரு பண்ணையில வந்துச்சு?

— அந்த ஓட்டு ஷெட்டுப் பெரியவர் பண்ணையில. ரொம்பச் சுத்தமா வெச்சிருந்த மனுஷன் பாவம்.

— எப்படித் தெரிஞ்சுதாம்? ஏதாவது கேள்விப்பட்டீங்களா?

— அவரு மருமகன் சொன்னான். முதல்ல கோழி தீனி எடுக்கலையாம். வெயிலுக்கு வழக்கமா சுணங்குமே, அதுன்னு இருந்துட்டாங்க. அப்புறம் கழுத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு ஓரமா உக்காந்துடுச்சாம். கொண்டை நீலம் பூத்துப்போச்சாம். அன்னிக்குச் சாயங்காலமே கால்நடை டாக்டரைக் கூப்பிட்டுட்டாரு.

— கொண்டை நீலமாவா?

— ஆமா. நமக்கு எதுக்கு அண்ணி அந்தப் பேச்சு காலங்காத்தால? நான் சொல்ல வந்ததே வேற. போன வருஷம் விலை விழுந்தப்ப உங்க சரக்கை எடுத்தது யாரு? எல்லாரும் நல்ல விலை வருதுன்னு ஒரே நேரத்துல குஞ்சு விட்டாங்க, எல்லாக் கோழியும் ஒரே நேரத்துல முட்டை போட ஆரம்பிச்சுது. வாங்க ஆள் இல்ல. மத்த வியாபாரிங்க போனையே எடுக்கல. நான் தினம் வண்டி அனுப்பினேனா இல்லையா?

— அனுப்பினீங்க. தீவன விலைக்கும் கீழதான் எடுத்தீங்க. ஆனா எடுத்தீங்க.

— அன்னிக்கு மார்க்கெட்டே அதுதானே அண்ணி. என் கையில என்ன இருக்கு?

— உங்களைக் குத்தம் சொல்லல. உங்க அண்ணன் அந்த நாள்ல நூல் மில்லுல வாட்ச்மேன் வேலைக்குப் போனாரு, ஞாபகம் இருக்கா? காக்கிச் சட்டையோடயே திரும்பி வந்து கோழிக்குத் தீனி வண்டியைத் தள்ளுவாரு. மில்லுல வாங்கற சம்பளத்தைக் கோழி தின்னுச்சு. கோழியை வித்துடலாம்னு நான்தான் தினம் சண்டை போட்டேன். விழுந்தது எழுந்திருக்கும், எழுந்திருக்கறப்ப கையில கோழி இருக்கணும்னு ஒரே பேச்சு அவரு.

— இப்ப எழுந்திருச்சுடுச்சுல்ல. அவரு சொன்ன மாதிரியே ஆச்சு. பொறுத்த மனுஷனுக்கு இப்பதான் நாலு காசு பார்க்கிற நேரம். இந்த நேரத்துல என்கிட்ட கேட்டைப் பூட்டினா நான் என்னன்னு எடுத்துக்கறது? கண்ணு ஏன் இப்படிச் சிவந்திருக்கு? வீட்டுல ஏதாவது சண்டையா?

— சண்டை இல்ல. சொல்றேன், நடுவுல பேசாதீங்க. உங்க அண்ணன் இன்னிக்குக் காலையில கடைசி ஷெட்டுக்குத் தீனி வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போனாரு. அந்தச் சக்கரச் சத்தம் கேட்டதுமே கோழிங்க அத்தனையும் கத்தும், தெரியும்ல? நம்ம பேசறது நமக்கே கேக்காது. இன்னிக்கு வண்டியைப் பாதி வழியிலயே விட்டுட்டு வீட்டுக்கு வந்தாரு. காதுல தண்ணி புகுந்துடுச்சு போல, ஒண்ணுமே கேக்கலன்னாரு. தலையைச் சாய்ச்சுத் தட்டித் தட்டிப் பார்த்தாரு. நான் பேசறது கேக்குதான்னு கேட்டேன். நீ பேசறது கேக்குதேன்னாரு. சொல்லி முடிக்கறப்பவே ரெண்டு பேருக்கும் புரிஞ்சுபோச்சு.

— அண்ணி.

— அவரு பின்னாலயே ஷெட்டு வாசல் வரைக்கும் ஓடினேன். உள்ள காலை வெக்காதேன்னு கத்தினாரு. கல்யாணம் ஆன நாள்லேருந்து அவரு என்கிட்ட கத்திப் பேசினது கிடையாது. வாசல்லேருந்தே தெரிஞ்சுது. ஒரு வரிசைக் கூண்டுல முக்கால்வாசி செத்துக் கிடக்கு. மிச்சம் கழுத்தைத் தொங்கப் போட்டு உக்காந்திருக்கு. கொண்டை எல்லாம் நீங்க சொன்ன மாதிரிதான்.

— வெயிலா இருக்கும் அண்ணி. தண்ணித் தொட்டியில ஏதாவது விழுந்து கிடக்கும். ஒரு ஷெட்டுலதானே? மத்த ஷெட்டெல்லாம் நல்லாத்தானே இருக்கு?

— இப்போதைக்கு நல்லா இருக்கு.

— அப்ப பயப்படாதீங்க. யாருகிட்டயும் வாயைத் திறக்காதீங்க, அது முக்கியம்.

— டாக்டருக்குப் போன் பண்ணிட்டேன்.

— எப்ப?

— உங்க அண்ணன் செருப்பைக் கழட்டி நெருப்புல போட்டுக்கிட்டு இருக்கறப்பவே.

— அவசரப்பட்டுட்டீங்களே அண்ணி. ஒரு நாள், ஒரே ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா? வந்தாங்கன்னா கடைசி ஷெட்டோட விடுவாங்களா? நல்லா இருக்கற கோழியையும் சேர்த்துத்தான் அழிப்பாங்க. இழப்பீடுன்னு கொடுக்கறது குஞ்சு வாங்கவே காணாது. அதுவும் என்னிக்கு வரும்னு யாரு கண்டது?

— தெரியும்.

— தெரிஞ்சுமா? சரி, நடந்தது நடந்துபோச்சு. டாக்டர் வந்து சேர நேரம் ஆகும்ல. முன் ஷெட்டு முட்டை அடுக்கி வெச்சிருப்பீங்க. அதையாவது எடுத்துக்கிட்டுப் போயிடறேன். இன்னிக்கு இருக்கற விலையில அது சின்னப் பணம் இல்ல அண்ணி. நாளைக்கு உங்களுக்கு உலையில போட அரிசி வேணாமா? நல்ல கோழி போட்ட முட்டைதானே? பின்பக்கம் வேலியோரமா வண்டியைக் கொண்டு வரேன். எனக்காகச் சொல்லல.

— தம்பி, இந்த விலை எப்படி வந்துச்சுன்னு இப்பதானே எனக்கு ஒவ்வொண்ணா சொன்னீங்க.

— அதுக்கும் இதுக்கும் என்ன?

— அந்தப் பெரியவரும் ஒரு நாள் பொறுத்திருக்கலாம். அவரு வீட்டுலயும் முட்டை அடுக்கித்தான் இருந்திருக்கும், அவருக்கும் ஒரு தம்பி வண்டியோட வந்திருப்பான். ஆனா அன்னிக்குச் சாயங்காலமே கூப்பிட்டாருன்னு நீங்கதான் சொன்னீங்க. அவரு மறைச்சிருந்தா நம்ம கோழி அப்பவே போயிருக்கும். அவரு கோழி செத்ததுலதான் நமக்கு விலை ஏறுச்சு. இத்தனை நாளா ஏறுது ஏறுதுன்னு நானும் மனசுக்குள்ள கூட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். கூரை மாத்தணும், பொண்ணுக்குக் காலேஜுன்னு. ஒரு நாளாவது அந்த மனுஷனை நெனைச்சுப் பார்த்தேனான்னு காலையிலேருந்து யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.

— நீங்க நல்லவங்க அண்ணி. ஆனா ஊரு அப்படி இல்ல.

— ஊரு எப்படியோ இருக்கட்டும். இந்தத் தெருவுல வரிசையா பண்ணை இருக்கு. அடுத்த வேலிக்காரங்க போன மாசம்தான் குஞ்சு இறக்கியிருக்காங்க. அந்த வீட்டுப் பொண்ணு ராவும் பகலும் பல்பு போட்டு, பக்கத்துலயே படுத்துப் பார்த்துக்குது. அது மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது?

— அண்ணன் என்ன சொல்றாரு?

— சொல்றதுக்கு என்ன இருக்கு. நான் போன் பண்றப்ப பக்கத்துலதான் நின்னாரு. வேணாம்னு சொல்லல. இப்ப ஷெட்டுலதான் இருக்காரு. குழாயைத் திறந்துவிட்டுட்டு வரேன்னு போனாரு. சாயங்காலத்துக்குள்ள எல்லாத்தையும் அழிக்கப் போறாங்க, இப்ப எதுக்குத் தண்ணின்னு கேட்டேன். அதுவரைக்கும் தாகம் எடுக்கும்லன்னாரு.

— நான் பார்க்கணும் அண்ணி. ஒரு நிமிஷம். தூரத்துலேருந்து பார்த்துட்டு வந்துடறேன்.

— வேணாம். டாக்டர் சொல்லிட்டாரு, உள்ள இருக்கறவங்க வெளிய வரக்கூடாது, வெளிய இருக்கறவங்க உள்ள வரக்கூடாது. நீங்க நாலு பண்ணைக்குப் போற ஆளு. உங்க செருப்பு மண்ணுல ஒட்டிக்கிட்டுப் போனாலே போதுமாம். உங்க வண்டியும் இங்கேயே நிக்கட்டும். அவங்க வந்து சக்கரத்துக்கு மருந்து அடிச்சப்புறம்தான் நகரணும்.

— நிக்கட்டும். நான் எங்கயும் போகல. அழாதீங்க அண்ணி. அண்ணனை வீட்டுக்குள்ள போய்ப் படுக்கச் சொல்லுங்க. சாப்பிட்டாரா?

— யாரு சாப்பிட்டது?

— யாரையாவது வாங்கிட்டு வரச் சொல்லி கேட்டு ஓரமா வெக்கறேன். நான் அந்தப் பக்கம் போனப்புறம் வந்து எடுத்துக்கங்க.

— அப்புறம் ஆகட்டும். அதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு சொல்லுங்க. டாக்டர் போன்லயே கேட்டாரு, எனக்குத் தெரியல, கொழுந்தன் வந்தாக் கேட்டுச் சொல்றேன்னேன்.

— என்ன கேட்டாரு?

— இந்த வாரம் பூரா நம்ம பண்ணையிலேருந்து போன முட்டை எந்தெந்தக் கடைக்குப் போச்சுன்னு கேட்டாரு. எல்லாத்தையும் ஆள் அனுப்பித் திரும்ப எடுத்து அழிக்கணுமாம். முட்டையோட போன அட்டை அங்கேருந்து வேற எந்தப் பண்ணைக்கும் போயிடக் கூடாதாம். அதான் அவருக்குப் பெரிய பயமே.

— எல்லாம் இங்க அங்கன்னு போச்சு அண்ணி.

— இங்க அங்கன்னா? பேக்கரிக்கா, ஹாஸ்டலுக்கா? பேரு சொல்லுங்க.

— டாக்டர் வரட்டும். நானே பேசிக்கறேன்.

— அவரு வர்றதுக்குள்ள நாமளே கடைக்காரங்களுக்குப் போன் பண்ணிடலாம் தம்பி. இதுக்குள்ள ஒரு முட்டையாவது யாரு வீட்டு அடுப்புக்காவது போயிருக்கும். அதுவும் அந்த ஹாஸ்டல்ல சின்னப் புள்ளைங்க இருக்கு. சொல்லுங்க. முந்தாநாள்கூட விலையைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கன்னு உங்க அண்ணன் கேட்டப்ப, வர்ற சரக்கை அன்னன்னிக்கே வந்த விலைக்குத் தள்ளிடறேன், என் கையில ஒண்ணும் நிக்கறதில்லன்னு சொன்னீங்களே. எங்க தள்ளினீங்களோ அந்தக் கடைங்களைச் சொல்லுங்க, போதும்.

— எங்கயும் தள்ளல அண்ணி. இன்னும் ஏறும்னு உங்க முட்டை மொத்தத்தையும் என் குடோன்லயே அடுக்கி வெச்சிருக்கேன், ஒண்ணுகூட வெளிய போகல.