அவர் வாசலைத் தாண்டவில்லை

பாரசீகத்தில் ஒரு பிரிட்டிஷ் தூதரகத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது, பொய் அறிக்கை எழுதி ஓர் உள்ளூர்ப் போலீஸ்காரரின் வேலையைப் பறித்தேன். முப்பது வருஷம் கழித்து, விராலிமலை பஸ்ஸில் என் பின் இருக்கையிலிருந்து அந்தக் கதை காதில் விழுந்தது.

“திருடன் தூதரகத்துக்குள்ள ஓடியாந்துட்டா, அந்த ஊர்ப் போலீசு தொடக்கூடாது மாப்ள. நாந்தான் வாசக் காவல்.”

“நல்ல காவல் மாமா. திருடனை உள்ள விட்டுருக்கீங்க.”

“அங்க அதாம்ப்பா வழக்கம். தொரத்தியாந்த போலீஸ்காரரு வாசலோட நின்னுட்டாரு. ஒரு அடி உள்ள வைக்கல. வச்சாருன்னு குமாஸ்தா எழுதிப்புட்டான்.”

“பொய் எழுத அந்தக் குமாஸ்தாவுக்கு என்னவாம்?”

“அந்த ஊரு கவர்னரை மெரட்ட தொரைக்கு ஒரு சாக்கு வேணும். போலீஸ்காரருக்கு வேலை போச்சு.”

“நீங்க சொல்ல வேண்டியதுதானே?”

“என்னைய யாரு கேட்டா? அந்தக் குமாஸ்தாவும் நம்ம பக்கத்து ஆளுதான். இப்ப எங்கிட்டாவது பென்சன் வாங்கிக்கிட்டு இருப்பான்.”

வாங்கிக்கொண்டுதான் இருந்தேன். திரும்பிப் பார்க்காமல் இறங்கிவிட்டேன்.

அந்த வாரமே அந்த ஊர்க் காவல் நிலையத்துக்குப் பாரசீக மொழியில் எழுதினேன்: அவர் வாசலைத் தாண்டவில்லை, நான் எழுதியது பொய், அவர் குடும்பத்தாரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆறு மாதம் கழித்து அவர் மகன் பதில் போட்டார். அப்பா இறந்துவிட்டாராம். வெள்ளைக்காரன் வாசலுக்குள் துணிந்து காலை வைத்தவர் என்றுதான் இன்றும் ஊர் அவரைக் கொண்டாடுகிறதாம். அவரும் கடைசிவரை மறுக்கவில்லையாம். என் கடிதத்தை அம்மாவிடம் காட்டாமல் கிழித்துவிட்டதாகவும், தயவுசெய்து இனி எழுத வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்.