ஒன்றரை அடி

மொதல்ல தப்பு பண்ணது உங்கப்பாதான் தம்பி, அத மனசுல வச்சுக்கிட்டுக் கேளு. தையல் மெஷின அப்புறம் ஏத்தலாம், வண்டிக்காரன் நிப்பான். உக்காரு. திட்டறதுக்கு இல்லப்பா.

பதினோரு வருஷம் ஆச்சு. எம் பொண்ணு கல்யாணத்துக்குக் கடைய ஒரு வாரம் பூட்டிட்டுப் போனேன். வந்து பாத்தா, ரெண்டு கடைக்கும் நடுவுல இருந்த பலகைத் தடுப்பு எம் பக்கம் ஒன்றரை அடி நகந்திருக்கு. தையக்காரரு உங்கப்பாவுக்குத் துணி வெட்டுற மேசை போட எடம் பத்தலயாம். கேட்டா, கல்யாணச் சாப்பாட்டுல உனக்குத் தொப்ப போட்டுருச்சு, அதான் கடை சின்னதாத் தெரியுதுங்கறாரு. தெருவே சிரிச்சுது. நீயும்தான் சிரிச்ச. அன்னையிலேருந்து நான் வாசப்படியில உக்காந்துதான் மோட்டாருக்குக் கம்பி சுத்துறேன். மழை பெஞ்சா முதுகு நனையும்.

கடை வரி ஏறுனதச் சொல்றியா? எனக்கும்தான் ஏறுச்சு. ஒரு ஃபேனுக்குக் கம்பி சுத்துனா கையில என்ன நிக்கும்னு அந்த ஆபீஸ்ல எவனுக்குத் தெரியும். இரு, பேச்ச மாத்தல. அதுக்குத்தான் வரேன்.

உங்கப்பா மெஷின் சத்தம் நின்னதுலேருந்து எனக்குச் சுத்து எண்ணிக்கை தப்புது. நேத்து ஒரே மோட்டார மூணு தடவ பிரிச்சேன்.

வரி போடக் கடைங்கள புதுசா அளக்க வந்தாங்கல்ல, அன்னைக்கு உங்கப்பா பட்டன் வாங்கப் போயிருந்தாரு. டேப்போட மறு முனைய நான்தான் புடிச்சேன். அளக்க வந்தவரு பத்திரத்தப் பாத்துட்டு, பெரியவரே, காகிதத்துல இந்த ஒன்றரை அடி உங்களுது, இருக்கறது அவரு பக்கம், யாரு பேர்ல எழுதன்னாரு. பதினோரு வருஷமா போறவன் வரவன் கிட்டயெல்லாம் என்னுதுன்னு கத்துனவன் நான். அன்னைக்கு அவருதுன்னு சொன்னேன். அதுக்கும் சேத்து வரிய அவரே கட்டட்டுமேன்னு. கையெழுத்தும் போட்டேன்.

எரநூறு சதுர அடி தாண்டுனா பெரிய கடை ரேட்டு, மூணு மடங்கு, அதக் கட்ட முடியாம நீங்க கடையையே காலி பண்ற அளவுக்குப் போகும்னு எனக்குத் தெரியாது தம்பி. உங்க கடை எப்படி எரநூத்தி எட்டு ஆச்சுன்னு ஆபீஸ் ஆபீஸா அலஞ்சியே, இப்படித்தான் ஆச்சு.

முறைக்காத. நாளைக்கு உன்கூட வரேன், பொய் சொன்னேன்னு எழுதித் தரேன். அவரு காலடியில உக்காந்து மன்னிப்பும் கேக்கறேன். ஆனா அந்தப் பலகைய அவருதான் பழைய எடத்துல எடுத்து வைக்கணும், அவரு கையால. கடைய விட்டுட்டு வீட்ல படுத்துக் கெடந்தா அது நகராதுன்னு சொல்லு.