தானாகப் போய்விடும்

எங்கள் வீட்டுச் சமையலறைத் தரையில் சோற்றைக் கொட்டிச் சாப்பிடலாம். பெருமைக்குச் சொல்லவில்லை, வந்து போகிறவர்கள் எல்லோரும் சொல்வதுதான். அப்படிப்பட்ட இடத்தில், பாத்திரம் கழுவும் தொட்டி ஓரமாக ஒரு கரப்பான்பூச்சி மீசையை ஆட்டிக்கொண்டு நின்றது. நாலு பேர் முன்னால் வைத்து என்னைத் திட்டியது போல இருந்தது.

எங்கிருந்து வந்திருக்கும் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. அண்ணியின் அறையிலிருந்துதான். அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாதவர். மாடிப்படியில் விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போனதும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். என் கணவருக்குக் கப்பலில் வேலை. அதனால் அண்ணிக்குச் சாப்பாடு, தண்ணீர், குளியல் எல்லாம் என் தலையில்தான். தலையணைக்கு அடியில் பிஸ்கட் வைத்துக்கொண்டு கொறிப்பார். படுக்கையெல்லாம் துணுக்கு.

கால்தான் படுத்ததே தவிர, வாய் படுக்கவில்லை. "ஏம்மா, அதுங்க மோட்டார் சூட்டுக்குத்தான் வரும். ஃபிரிட்ஜை நகத்திப் பாரேன்" என்றார். என் சமையலறையைக் குறை சொன்ன முதல் ஆள் அவர். எனக்குக் கோபம் வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

பூச்சிமருந்துக்காரரை வரவழைத்தேன். நல்ல மனிதர், செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார்.

"சும்மா மருந்து மட்டும் அடிச்சா ஒளிஞ்சிருந்துட்டுத் திரும்ப வரும்மா. தீனியை எடுங்க, தண்ணியை நிறுத்துங்க, இடுக்கை அடைங்க. தானா போயிடும். தீனி இல்லாமகூட ரொம்ப நாள் தாங்கும். தண்ணி இல்லாமதான் தாங்காது."

பேசிக்கொண்டே ஃபிரிட்ஜின் மேல் கை வைத்தார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அன்று என் கணவர் பேசியபோது விஷயத்தைச் சொன்னேன். "அக்கா ரூம்ல சுத்தமா ஒண்ணும் இல்லாம பண்ணிடு. பாவம், அவளால எழுந்து தட்டிவிடக்கூட முடியாது" என்றார். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அவர் சொன்னதைத்தான் செய்தேன்.

முதலில் பிஸ்கட்டை எடுத்தேன். பிறகு சாப்பாட்டுத் தட்டு. கஞ்சியாகக் கொடுத்தாலும் கடைவாயில் வழிந்து மெத்தையில் ஒட்டும், எனவே கஞ்சியும் இல்லை. அண்ணியின் கைபேசி உறைக்குள்கூடத் துணுக்குகள். அதைத் துடைத்து என் அலமாரியில் வைத்துக்கொண்டேன். தண்ணீர்ச் செம்பை எடுத்தேன். டம்ளரால் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். அடியில் ஈரம் தங்கும் என்பதால் டம்ளரையும் எடுத்துவிட்டேன். ஜன்னல் விளிம்புகளுக்குப் பசைநாடா ஒட்டினேன். கதவடி இடுக்கில் பழைய சேலையைச் சுருட்டி அடைத்தேன். அதன் பிறகு சத்தமும் அவ்வளவாக வெளியே வரவில்லை.

நான் கல்நெஞ்சக்காரி இல்லை. தினமும் கதவைத் திறந்து பார்த்தேன். ஒருமுறை என் கையைப் பிடித்துக்கொண்டார். கை ஈரமாக இருந்தது, அப்போதுதான் பாத்திரம் கழுவியிருந்தேன். என் விரலைத் தன் உதட்டில் வைத்துத் தேய்த்துக்கொண்டார்.

"ஒரு வாய் தண்ணி குடும்மா. பூச்சி வந்தா நான் பாத்துக்கறேன்."

"கொஞ்சம் பொறுத்துக்குங்க அண்ணி. தானா போயிடும்."

கையை உருவி, சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டேன். அவர் உதட்டையும் துடைத்துவிட்டேன். ஈரம் விடக் கூடாதே.

கணவர் கேட்கும்போதெல்லாம் தூங்குகிறார் என்றேன். பாதி நேரம் அது உண்மையும்கூட. வெளியே உட்கார்ந்து துணி மடிப்பேன். உள்ளே மெத்தையில் நகம் பிறாண்டுவது கேட்கும். கரப்பான் இன்னும் இருக்கிறது போல என்று நினைத்துக்கொள்வேன். பிறகு அதுவும் நின்றது. திறந்து பார்த்தேன். போய்விட்டார்.

கொன்றாயா என்று கேட்கிறீர்கள். கொல்வதென்றால் அடிக்க வேண்டும், விஷம் வைக்க வேண்டும். நான் மருந்துகூட அடிக்கவில்லை. தீனியை எடுத்தேன், தண்ணீரை நிறுத்தினேன், இடுக்கை அடைத்தேன். அதற்குப் பெயர் கொலை என்றால் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒரு வருத்தம். கதவைத் திறந்ததும் உங்கள் பெண் காவலர் மூக்கைப் பொத்திக்கொண்டார். எவ்வளவு சுத்தமாக வைத்திருந்த அறை. ஒரு பூச்சியாவது கண்ணில் பட்டதா என்று கேட்டுப் பாருங்கள்.

ஃபிரிட்ஜை உங்கள் ஆட்கள் நகர்த்தியபோது பின்னாலிருந்து திமுதிமுவென்று வந்தனவே, அவை எங்களுடையவை அல்ல. அண்ணி போன பிறகு அந்த அறையில் இருக்கப் பிடிக்காமல் சமையலறைக்கு வந்திருக்கின்றன, அவ்வளவுதான்.