சீல் வைத்த தறிவீட்டைப் பற்றி ஆதிலட்சுமி சொன்னது

வடஆற்காடு மாவட்டம், ஆரணி தாசில்தாரும் நிர்வாக நடுவருமானவர் முன்பு, 1979-ஆம் வருடம் நவம்பர் மாதம் 29-ஆம் தேதி, சேவூர் நெசவாளி மாணிக்கவேல் கிணற்றில் இறந்து கிடந்தது பற்றிய விசாரணையில், இறந்தவர் மனைவி நேரில் வந்து சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டது:

என் பெயர் ஆதிலட்சுமி. புருஷன் பெயர் மாணிக்கவேல். வயது நாற்பது இருக்கும். இரண்டாம் வகுப்பு வரை படித்தேன். என் பெயரை எழுதத் தெரியும். பிள்ளைகள் இல்லை. இப்போது சேவூரில் என் தம்பி பொன்னுசாமி வீட்டில் இருக்கிறேன். பட்டு நெசவு எங்கள் தொழில். என் வீட்டுக்காரர் தறியில் உட்காருவார், நான் ஊடை நூலைத் தார் சுற்றிக் கொடுப்பேன்.

நாங்கள் குடியிருந்த சேவூர் தறிவீடு எங்களுடையது அல்ல. அது ஆரணியில் ஜரிகை வியாபாரம் செய்யும் சிவப்பிரகாசம் முதலாளியுடையது. பத்திரம் மட்டும் என் வீட்டுக்காரர் பெயரில் இருந்தது. அந்த வீட்டை வாங்கிய அன்று முதலாளி அவரை ரிஜிஸ்தர் ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போய், "உன் பேர்ல இருந்தா இன்னா, என் பேர்ல இருந்தா இன்னா மாணிக்கம், நம்மள பிரிச்சா பாக்கறது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட வைத்தார். அதற்காக ஒரு வேட்டியும் துண்டும் கொடுத்தார். வீட்டில் இரண்டு தறிகள் இருந்தன. ஒன்றில் இவர் நெய்தார். உள்பக்கத்துத் தறி சும்மாவே கிடந்தது. அதில் ஆள் போடலாமே என்று இவர் கேட்டதற்கு, முதலாளி வேண்டாம் என்றார். வாடகை இல்லாத வீடு என்று நாங்கள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

அதன் பிறகு எமர்ஜென்சி வந்தது. முதலாளியைக் கள்ளக்கடத்தல் தங்கம் சம்பந்தமாகப் பிடித்து உள்ளே வைத்தார்கள். அவர் வெளியே வந்த பிறகும், கடத்தல்காரர்கள் சேர்த்த சொத்தைப் பிடிக்கிற சட்டப்படி அவர் சொத்துகளை அரசாங்கம் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு வந்தது. சொந்தக்காரர் பெயரில் வைத்தாலும், வேலைக்காரர் பெயரில் வைத்தாலும் அது செல்லாது என்று அந்தச் சட்டத்தில் இருப்பது எங்களுக்கு நோட்டீஸ் வந்தபோதுதான் தெரிந்தது. எந்த வருமானத்தில் இந்த வீட்டை வாங்கினாய், நேரில் வந்து சொல் என்று என் வீட்டுக்காரரை மெட்ராசுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் போய், வீடு முதலாளியுடையது, நான் பேர் மட்டும் கொடுத்தேன் என்று சொல்லிவிட்டு வந்தார். வந்ததும் என்னிடம், "தறிக்காரன் ஓட்டு வீடு ரெண்டு கட்டு வாங்கனான்னு சொன்னா அந்த ஆபீசரு சிரிக்க மாட்டாரா? உள்ளத சொல்லிட்டேன். பேஜாரு வுட்டுது" என்றார். அன்று இரண்டு வேளைச் சோற்றையும் ஒரே வேளையாகச் சாப்பிட்டார்.

அதன் பிறகு முதலாளி எங்கள் வீட்டுக்கு வந்தார். கோபித்துக்கொள்ளவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுச் சொம்பைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அத்தனை வருடத்தில் அவர் எங்கள் வீட்டில் தண்ணீர் குடித்தது அதுதான் முதல் தடவை.

தீபாவளி கழித்து, சொத்துப் பறிமுதல் ஆபீசிலிருந்து அதிகாரி ஜீப்பில் வந்தார். பாத்திரம், துணி, அரிசி எல்லாம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். மரியாதையாகத்தான் பேசினார். தறிகள் வீட்டோடு சேர்ந்தவை, எடுக்கக்கூடாது என்றார். அப்போது எங்கள் தறியில் ஒரு முகூர்த்தப் புடவை பாதியில் இருந்தது. தேவிகாபுரம் காசியம்மாள் தன் மகள் கல்யாணத்துக்குச் சொல்லியிருந்த அரக்குச் சிவப்புப் புடவை. உடல் முடிந்து முந்தி மட்டும் பாக்கி. அதை முடித்துக்கொள்ள விடுங்கள் என்று இவர் கேட்டார். வேலூர் ஆபீசில் மனு கொடுத்தால் உத்தரவு வாங்கித் தருகிறேன், இப்போது என்னால் முடியாது என்று சொல்லி, அதிகாரி முன்கதவிலும் பின்கதவிலும் பூட்டுப் போட்டு, துணி சுற்றி, அரக்கு உருக்கி முத்திரை வைத்துவிட்டுப் போனார். நாங்கள் என் தம்பி வீட்டுக்கு வந்தோம்.

மனு கொடுத்தோம். பதில் வரவில்லை. மழை பிடித்துக்கொண்டது. தறியில் பாவு நூல் விறைப்பாகக் கட்டியபடி மழைக்காலத்தில் நின்றால் பட்டு ஈரம் வாங்கும், ஜரிகை கறுக்கும், எலி வரும். அது மட்டும் அல்ல. கல்யாணப் புடவையைப் பாதியில் அறுப்பதும், பாதியில் விட்டுவிட்டு எழுந்துபோவதும் எங்களில் கிடையாது. வீட்டில் சாவு விழுந்தால்கூட வேறு ஆளை உட்கார வைத்து முடிப்பார்கள். என் தம்பி, "அரசாங்கம் வச்ச பூட்டு மாமா, கைய வெக்காத" என்று சொன்னான். அதற்கு இவர், "ஒரு பொண்ணோட கல்யாணம் தறியில நின்னுகினு கீதுடா. அரசாங்கத்துக்கு பொண்ணு பொறக்கலியா?" என்றார்.

அதன் பிறகு ஒரு நாள் காலையில் பின்பக்கம் போய், பூட்டைத் தொடாமல், நிலையில் அடித்திருந்த கொண்டியின் ஆணிகளைப் பிடுங்கிக் கதவைத் திறந்தார். நானும் கூட இருந்தேன். அரக்கு அப்படியே இருந்தது. "பாத்தியா, சீலு உடையல. முடிச்சிட்டு ஆணிய அடிச்சிட்டா வச்சது வச்சபடி" என்று சந்தோஷமாகச் சொன்னார். சீல் உடையாவிட்டால் குற்றம் இல்லை என்று அவர் நம்பினார். அவர் சொன்னதால் நானும் நம்பினேன். அது குற்றம் என்றால் அதில் நானும் சேர்த்தி, எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. தண்டனை எனக்குக் கொடுங்கள்.

தறிச் சத்தம் வெளியே கேட்டிருக்கிறது. முதலாளியிடம் கணக்குப் பார்த்துக் காரும் ஓட்டுகிற ஜெயவேல் என்பவர் பின்கட்டுக்கு வந்து எட்டிப் பார்த்தார். "இன்னா மாமா, பூட்டன வூட்ல தறி ஓடுது, பேயோன்னு பயந்துட்டேன்" என்று சிரித்தார். "பேயி முந்தி போடுமாடா? போடா, வேலைய பாரு" என்று இவரும் சிரித்தார். ஜெயவேல் கொஞ்ச நேரம் நின்று உள்பக்கத்துத் தறியைப் பார்த்துவிட்டு, "நீ நெய்யி மாமா, நான் ஆருகிட்டயும் சொல்லல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புடவை முடிந்தது. தறியிலிருந்து அறுத்து எடுத்து, தம்பி வீட்டில் கொண்டுவந்து வைத்தோம். ஆணியைத் திரும்ப அடிக்கும் முன் அமாவாசை வந்தது. அமாவாசை அன்று ஆரணி சுற்று வட்டாரத்தில் யாரும் தறியில் உட்கார மாட்டார்கள், தறிவீட்டுப் பக்கமே போக மாட்டார்கள். ஆனால் என் வீட்டுக்காரருக்கு, அந்த வீட்டை விட்டு ஒரேயடியாக வருவதால், கடைசியாகத் தறிக்கு ஒரு கற்பூரம் காட்டிவிட்டுக் கதவை மூட வேண்டும் என்று இருந்தது. பகல் உச்சியில் இரண்டு பேரும் போனோம்.

பின்கதவு ஒருக்களித்து இருந்தது. உள்பக்கத்துத் தறியில் நெய்கிறவர் கால் விடுகிற குழிக்குள் ஜெயவேல் இடுப்பளவு இறங்கி நின்று கடப்பாரையால் தோண்டிக்கொண்டிருந்தார். குழிக்கு வெளியே மண் குவித்திருந்தது. மண்மேல் சாக்கு விரித்து, அதில் ஒரு தகர டப்பா இருந்தது. முதலாளி, நெசவாளி உட்காருகிற பலகையில் உட்கார்ந்து குடையை மடியில் வைத்திருந்தார். எங்களைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. "அமாவாச அன்னிக்கி கூடவா தறிக்கு வருவ மாணிக்கம்?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் வாசற்படியிலேயே நின்றார். கையில் கற்பூரத் தட்டு இருந்தது. முதலாளி, "கதவ தொறந்தவன் நீ. வீடு உன் பேர்ல இருந்த வீடு. குழி உன் தறிக் குழி. நான் இங்க வரவே இல்ல. புரியுதா?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "தங்கச்சிக்கு சொல்லி வை" என்றார். நாங்கள் கற்பூரம் ஏற்றாமல் திரும்பினோம்.

வீட்டுக்கு வந்த பிறகு என் வீட்டுக்காரர் வேலூர் ஆபீசுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். வேண்டாம் என்று தம்பி சொன்னான். நானும் சொன்னேன். "சொல்லாம வுட்டா நான்தான் தங்கம் பொதைச்ச கள்ளன் ஆவேன்டி" என்றார். கதவைத் திறந்தது இதற்காகத்தான், வேறு எதையும் தொடவில்லை என்று காட்டுவதற்காக அந்தப் புடவையையும் எடுத்துக்கொண்டார். நான்தான் அதை நான்காக மடித்து, அவருடைய பழைய வேட்டியில் சுற்றி, மஞ்சள் பையில் வைத்துக் கொடுத்தேன். பையில் புடவை இருந்தது எனக்கும் அவருக்கும்தான் தெரியும். தம்பிக்குக்கூடத் தெரியாது. மறுநாள் காலை வேலூர் பஸ்ஸில் ஏறினார். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. மழைச் சாரல் அடிக்கிறது, உள்ளே தள்ளி உட்காருங்கள் என்று சொன்னேன். தலையை ஆட்டினார். அதுதான் நான் அவரைக் கடைசியாக உயிரோடு பார்த்தது.

அன்று அவர் திரும்பவில்லை. அதற்கு மறுநாள் கண்ணமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு வயல் கிணற்றில் கிடக்கிறார் என்று ஆள் வந்து சொன்னான். நானும் தம்பியும் போனோம். கிணற்று மேட்டில் செருப்பு இரண்டும் ஜோடியாக வைத்திருந்தது. துண்டு மடித்து அதன்மேல் கல் வைத்திருந்தது. இருபது வருடத்தில் அவர் ஒரு துண்டை மடித்து நான் பார்த்ததில்லை. பின்தலையில் அடி இருந்தது. விழும்போது படிக்கல்லில் பட்டிருக்கும் என்று அங்கே இருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். மஞ்சள் பை அங்கே இல்லை. நான் பையைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை.

அதன் பிறகு கண்ணமங்கலம் பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கும் காத்தவராயனைப் போய்ப் பார்த்தேன். பஸ் நின்றதும் ஒரு ஆள் ஜன்னல் பக்கம் வந்து, "மாமா, எறங்கு, மழையில இன்னாத்துக்கு பஸ்ல போற, ஜல்தியா கார்ல வேலூர்லயே வுட்டுடறேன்" என்று கூப்பிட்டதாகவும், இவர் மாட்டேன் என்றதாகவும், அந்த ஆள் உள்ளே ஏறித் தோள்மேல் கை போட்டு இறக்கியதாகவும் அவர் சொன்னார். இரண்டாம் தடவை நான் போனபோது, என்னைப் பார்க்காதவர் போல டீ ஆற்றிக்கொண்டே இருந்தார். அவர் இங்கே வந்து சொல்வாரா என்பது எனக்குத் தெரியாது.

காரியம் முடிந்த அன்று ஜெயவேல் தம்பி வீட்டுக்கு வந்தார். பழம், வெற்றிலை, அரிசி கொண்டுவந்தார். "அக்கா, மாமா குழிய தோண்டி எதையோ எடுத்திருக்காரு. ஆபீசருங்க வந்து பாத்தா மாட்டிக்குவோம்னு பயந்து வுழுந்துட்டாரு. நீ அப்பிடித்தான் சொல்லணும். செத்தவர ஜெயில்லயா போடப் போறாங்க? நீ இருக்கிற வரைக்கும் மொதலாளி உனக்கு சோறு போடுவாரு" என்றார். போகும்போது செய்தித்தாள் சுற்றிய ஒரு பொட்டலத்தை என் மடியில் வைத்து, "தறிவீட்ல கெடந்துது அக்கா. மாமா நெய்ஞ்சது. மொதலாளி உன்கிட்ட குடுக்கச் சொன்னாரு, தேவிகாபுரத்துக்கு அனுப்பிடு" என்றார்.

பிரித்துப் பார்த்தேன். அரக்குச் சிவப்புப் புடவை. நான் மடித்த நான்கு மடிப்பு. ஒரு ஓரம் ஈரம் காய்ந்து ஜரிகை கறுத்திருந்தது. வேலூர் பஸ்ஸில் அவரோடு போன புடவை பூட்டிய வீட்டில் எப்படிக் கிடக்கும் என்று நான் ஜெயவேலைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்று இங்கே வந்து உங்களிடம் சொல்ல இருந்திருக்க மாட்டேன். "நல்லது தம்பி" என்று சொல்லி அனுப்பினேன். அந்தப் புடவையை இப்போது தங்கள் மேஜைமேல் வைத்திருக்கிறேன். காசியம்மாளுக்கு வேறு புடவை பார்த்துக்கொள்ளும்படி சொல்லி அனுப்பிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் தங்கம் புதைக்கவில்லை. குழி தோண்டவில்லை. தானாகக் கிணற்றில் விழவில்லை. அந்த வீடு சிவப்பிரகாசம் முதலாளியுடையது என்று அவர் மெட்ராசில் சொன்னதை நானும் சொல்கிறேன். டப்பாவும் அவருடையது. என் வீட்டுக்காரரைக் கள்ளன் என்றும் தற்கொலை என்றும் எழுதி முடித்துவிடக் கூடாது என்பதற்குத்தான் வந்தேன். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

காலையில் நான் உள்ளே வந்தபோது முதலாளி காரை எதிர்ப்பக்கத்தில் நிறுத்திக்கொண்டு ஜெயவேல் இருந்தார். என்னோடு வந்த தம்பி பொன்னுசாமி வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். இப்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தம்பி காருக்குள் உட்கார்ந்திருக்கிறான். நடுவில் ஒரு தடவை கதவண்டை வந்து, "அக்கா, போதும் வா, வூட்ல போயி பேசிக்கலாம்" என்று கூப்பிட்டான். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுக்கு இரண்டு பிள்ளைகள். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

இதையும் சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும். எனக்கு உடம்பில் வியாதி இல்லை. புத்தி சரியாக இருக்கிறது. சாக வேண்டும் என்கிற எண்ணம் இல்லை. நான் கிணற்றுக்குப் போகிறவள் அல்ல, தம்பி வீட்டில் பைப்புத் தண்ணீர்தான் பிடிக்கிறோம். இனிமேல் நான் வந்து இதற்கு மாறாகச் சொன்னால், அதை நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என்னை எங்காவது கிணற்றில் எடுத்தால், செருப்பு ஜோடியாக இருந்தது என்று எழுதி மூடிவிட வேண்டாம்.

எழுதியதை ஐயா அவர்கள் இரண்டு தடவை படித்துக் காட்டினார்கள். கேட்டேன். நான் சொன்னதுதான் இருக்கிறது, யாரும் சொல்லிக்கொடுத்தது இதில் இல்லை. தெரிந்து என் கையால் பெயர் எழுதுகிறேன்.

மா. ஆதிலட்சுமி