தூசியில் பிடி தளரும்

பல்லி மேலே விழுந்தால் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பலன் பார்க்கிற வீட்டில் பிறந்தும், எனக்குப் பல்லியிடம் அருவருப்பு வந்ததில்லை. டில்லியில், ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் எங்கள் டியூப்லைட் பக்கம் ஒன்று இருக்கிறது. அதை விரட்டாதே என்று என் மனைவி மங்களத்திடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

என் வேலை உங்களுக்குத் தெரிந்திருக்கும். உயிர்கள் தங்கள் சிக்கல்களை எப்படித் தீர்த்துக்கொள்கின்றன என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதி அனுப்புவார்கள். கரையான் புற்று ஏன் சூடேறுவதில்லை, தாமரை இலையில் தண்ணீர் ஏன் ஒட்டுவதில்லை, இப்படி. புதிதாக எதையாவது செய்ய நினைக்கும் பொறியாளர் எந்த ஊரில் இருந்தாலும் எங்கள் பொதுத் தரவுத்தளத்தில் தேடி எடுத்துக்கொள்ளலாம். எந்த வரி உள்ளே போகலாம் என்று தீர்மானிப்பவன் நான். சான்று இல்லாத வரி ஒன்றைக்கூட நான் விட்டதில்லை.

பல்லிப் பாதத்தைப் பற்றி எழுதியவள் மானசா. மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படித்த பெண், கெட்டிக்காரி. பாதத்தின் நுண்மயிர்கள் பசையே இல்லாமல் கண்ணாடியைப் பற்றும் என்பது வரை எல்லாவற்றுக்கும் சான்று வைத்திருந்தாள். கடைசி வரிக்கு மட்டும் இல்லை.

“தூசியில பிடி விட்டுடும் சார். பல்லி அடிக்கு அடி காலை உரிச்செடுத்து தூசிய உதறிக்கறது. இதப் பார்த்து நாம பண்ற ஒட்டுப்பட்டைக்கு அது தெரியாது. எச்சரிக்கையா போட்டுடலாமே?”

“யாராவது சோதிச்சுப் பார்த்திருக்காளா?”

“இன்னும் இல்ல சார். ஆனா...”

“அச்சா. பார்த்தப்புறம் போடலாம்மா.”

அவள் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கௌதமன் என்ற பொறியாளர் அந்தப் பதிவை வைத்து, உயரக் கட்டடங்களில் கண்ணாடி துடைப்பவர்களுக்கு ஒட்டுப்பட்டை செய்தார். கையிலும் காலிலும் கட்டிக்கொண்டு சுவரில் ஏறலாம். எனக்குப் போன் செய்து கேட்டார்.

“தூசியில பிரச்சினை வருமா சார்? வரும்னா கயிறும் கட்டிடறேன்.”

“பதிவுல அப்படி ஒண்ணும் இல்லையே” என்றேன். அது உண்மை.

சோதனைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார். புழுதிக்காற்று அடித்து ஓய்ந்த காலை. கண்ணாடியில் விரலை வைத்தேன், விரல் பழுப்பாயிற்று. ஏறப் போகிறவன் பெயர் ஷங்கர், பீகார்க்காரன். அங்கே இருந்தவர்களில் நரைத்த தலை என்னுடையதுதான் என்பதாலோ என்னவோ, பிடி நிச்சயம்தானே என்று என்னிடம் கேட்டான்.

“பக்கா ஹை நா, சாப்?”

“பக்கா” என்றேன்.

நன்றாகத்தான் ஏறினான். நான்காவது மாடிக்குக் கிட்டே இடது கை நழுவியது. அவன் கீழே பார்க்கவில்லை, தன் உள்ளங்கையைப் பார்த்தான். பிறகு வலது கையும் விட்டது. விழுந்தான். கௌதமன் ஓடினார். நான் அண்ணாந்து, கண்ணாடியில் பதிந்திருந்த கைத்தடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே போகப் போக அவை மங்கியிருந்தன.

மறுநாள் மானசாவின் வரியை ஏற்றினேன், சான்றோடு. அவள் அதைத் திரையில் பார்த்தாள்.

“நான் அன்னிக்கே சொன்னேனே சார்.”

“அன்னிக்கு சான்று இல்லையேம்மா. இப்போ இருக்கு.”

அதன் பிறகு அவள் அலுவலகத்துக்கு வரவில்லை. பதிவில் அவள் பெயரைத்தான் முதலில் போட்டிருக்கிறேன்.

நீங்கள் இதைக் கொலை என்கிறீர்கள். பல்லிக்கு அந்தப் பாதம் எப்படி வந்தது? விழுந்தவை விழுந்து, விழாதவை மிஞ்சி வந்தது. எங்கள் தளத்தில் மிஞ்சியவை மட்டும்தான் இருந்தன. யாராவது ஒருவர் விழ வேண்டியிருந்தது. தெரிந்தேதான் ஏறவிட்டேன். அவனுக்குப் பிள்ளைகள் உண்டா என்று விசாரிக்கவில்லை. பதிவுக்கு அது தேவைப்படவில்லை.

ஒரே ஒரு உதவி. மரங்கொத்தியின் மண்டையோட்டைப் பார்த்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஹெல்மெட் செய்கிறார்கள். அதிலும் மானசா ஒரு எச்சரிக்கை எழுதியிருக்கிறாள். என் நாற்காலிக்கு வருகிறவரிடம் சொல்லுங்கள், அவசரப்பட்டு அதை ஏற்ற வேண்டாம். இன்னும் சான்று வரவில்லை.