பண்பொழிக் கொடியும் அக்காவின் மாத்திரையும்

குற்றாலத்தில் சாரல் இறங்கிவிட்டால் தென்காசியில் எங்கள் தெருவுக்கு இணையம் ஒழுங்காக வராது, சார். அதனால்தான் அந்த வேலையைக் கல்லூரியில் வைத்தே செய்தேன்.

நான் உயிரித் தகவலியல் ஆசிரியர். ஒரு புரதத்தின் வடிவத்தைத் திரையில் திருப்பிப் பார்க்கவும், அதில் எந்த மருந்து எங்கே ஒட்டும் என்று கணக்குப் போடவும் இலவச இணையதளங்கள் இருக்கின்றன. என் அக்கா வள்ளித்தாய்க்கு ரத்தப் புற்றுநோய். ஒரு புரதம் அடங்காமல் வேலை செய்வதால் வருவது. அந்தப் புரதத்தின் குழியை அடைக்கும் கேப்ஸ்யூலைத் தினமும் விழுங்கி அவள் நன்றாகத்தான் இருந்தாள். வயலுக்குப் போனாள், என்னைத் திட்டினாள்.

பண்பொழி மலையடிவாரத்துக் கொடி ஒன்றின் சத்தை அதே புரதத்தோடு பொருத்திப் பார்த்தேன். குழியில் ஒட்டவில்லை. எங்கே தேட வேண்டும் என்று தளத்தில் நாமே ஒரு கட்டம் போட்டுக் காட்ட வேண்டும். கட்டத்தை நகர்த்தினேன். நகர்த்திக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஓரமாக ஒரு மடிப்பில் ஒட்டியது. ஒட்டும் வலுவுக்கான எண் மாத்திரையைவிட நன்றாக வந்தது. குழியை அடைக்காமல் ஓரத்தில் ஒட்டி என்ன பயன் என்று துறையில் சிரித்தார்கள். உள்ளூர் மாடு விலை போகாது அல்லவா. எனக்கு ஆத்திரமாக வந்தது.

எலியில் சோதிக்க வேண்டுமானால் குழு கூடி அனுமதி தர வேண்டும். அக்காவுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. அவளுக்கு மருந்து வாங்கி, அட்டையைப் பிரித்து டப்பாவில் போட்டுக் கொடுப்பவன் நான்தான். கேப்ஸ்யூல்களைத் திறந்து, உள்ளே இருந்ததைக் கொட்டிவிட்டு இலைப்பொடியை நிரப்பினேன்.

ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் பிடித்தது.

"ஏலே செந்திலு, மாத்திரைய ஒரு நாளும் விடலியே. பின்ன ஏம்லே இப்படிப் படுத்துது?"

"கேக்கும்க்கா. விடாம சாப்பிடு."

"நீ சொன்னா சரியாத்தாம்லே இருக்கும்."

தண்ணீர் டம்ளரை நான்தான் பிடித்துக்கொண்டேன். அந்த மாதத்து அசல் அட்டை ஒன்று பிரிக்காமல் என் பையிலேயே இருந்தது. கொடுத்திருந்தால் சோதனை பாழாகியிருக்கும்.

தை பிறக்கும் முன்பே போய்விட்டாள். அவள் மகள் வேல்விழி சந்தேகப்பட்டு டப்பாவை ஸ்டேஷனுக்கு உங்களிடம் கொண்டுவந்தது நியாயம்தான். நான் மறுக்கவில்லை. மருந்தை மாற்றியவன் நான், அதனால்தான் அவள் செத்தாள். ஆனால் அக்கா என்றால் எனக்கு உயிர், சார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

காரியம் முடிந்த மறுநாள் கல்லூரிக்குப் போய்க் கட்டத்தை இன்னும் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தேன். எண் முன்னைவிட நன்றாக வந்திருக்கிறது. அக்காதான் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.