சரியான வரிக்கு ஒரு குறி

அவைக்கு அணியாய் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! விசில் ஊதி ஊதியே தொண்டை கட்டிப்போன பயிற்சியாளர் பெருமக்களே! இந்த இறகுப்பந்துக் கழகத்தைத் தம் தோளில் தாங்கும் செயலாளர் அவர்களே! வயதால் என்னையும் மிஞ்சி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! அலாரம் அடிக்கும் முன்னே எழுந்து, அரைத் தூக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு ஷூ நாடா கட்டிவிடும் தாய்மார்களே! அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஆடுகளத்தின் ஓரத்தில் நகம் கடித்து நிற்கும் தந்தைமார்களே! உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சம் நிறைந்த வணக்கம்.

நாளை காலை உங்கள் பிள்ளைகளுக்குப் போட்டி தொடங்குகிறது. பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுப் பெற்றோரிடம் மட்டும் பேச வேண்டும் என்றார் செயலாளர். நல்லது. நான் பேசப்போவது பிள்ளைகள் கேட்கக்கூடாத பேச்சு. ஒரு தகப்பனின் தவற்றைப் பற்றிய பேச்சு. அந்தத் தகப்பன் நான்தான்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். என் பின்னால் தொங்கும் இந்தப் பதாகையில் ஒரு பிழை இருக்கிறது. மேடை ஏறும்போதே கண்ணில் பட்டுவிட்டது. எங்கே என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். செயலாளர் அவர்களே, திரும்பித் திரும்பிப் பார்க்காதீர்கள், கழுத்து சுளுக்கிக்கொள்ளும்!

சிரியுங்கள். சிரிக்க முடிகிறவரை சிரித்துக்கொள்ளுங்கள்.

பிழை பார்ப்பது என் பிழைப்பு. முப்பத்தோர் ஆண்டுகள் அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்தேன். ஈரம் காயாத தாளை என் மேசையில் போடுவார்கள். சிவப்புப் பேனாவை எடுப்பேன். பிழைக்குப் பக்கத்தில் ஒரு குறி, விடுபட்டதற்கு ஒரு குறி, வேண்டாததற்கு ஒரு குறி என்று போட்டுக்கொண்டே போவேன். ஆனால் அன்பர்களே, சரியாக இருக்கும் வரிக்கு என்ன குறி தெரியுமா? ஒன்றும் கிடையாது. சரியான வரிக்குக் குறி போடும் வழக்கம் எங்கள் தொழிலில் இல்லை. அதை அப்படியே கடந்துபோவோம். தாளில் அது சரிதான். பெற்ற பிள்ளையிடம்?

எனக்கு ஒரே மகள். ஒன்பது வயதில் மட்டையைப் பிடித்தாள். பிடித்தாள் என்றா சொன்னேன்? ஒட்டிக்கொண்டாள்! தூங்கும்போதும் தலைமாட்டில் மட்டை. சாப்பிடும்போதும் மடியில் மட்டை. கால் தரையில் பாவாது, கண் இறகை விட்டு விலகாது. நான் என்ன செய்தேன்? நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். பார்வையாளர் மாடத்தில் போய் அமர்ந்தேன். அதே சிவப்புப் பேனா. இடது பின்மூலையில் கால் தாமதம். சர்வீஸ் உயரம். மூச்சு வாங்குகிறது, ஓட்டம் போதாது. ஓர் ஆட்டத்துக்கு ஒரு பக்கம்!

ஆட்டம் முடிந்ததும் ஸ்கூட்டரில் வீடு திரும்புவோம். அவள் பின்னால் உட்கார்ந்து என் இடுப்பைக் கட்டிக்கொள்வாள். அந்தக் காலத்தில் யார் தலைக்கவசம் போட்டார்கள்? நீங்கள் போடுங்கள், ஐயா, அதிலும் என்னைப் பின்பற்றாதீர்கள். அரங்கத்திலிருந்து வீட்டுக்கு ஒன்பது சிக்னல். சிவப்பு விளக்கு விழுந்தால் வண்டி நிற்கும், என் வாய் கிளம்பும். ஒரு சிக்னலுக்கு ஒரு பிழை.

"அந்த மூணாவது பாயின்ட்ல ஏன் பின்னால போகல?"

"ம்."

"சொல்றது காதுல விழுதா?"

"ம்."

ஒப்புக்கொள்கிறாள் என்று நினைத்தேன், அம்மா! கற்றுக்கொள்கிறாள் என்று களித்தேன், ஐயா! முன்னால் பார்த்தே பேசினேன், முகம் பார்க்காமலே பேசினேன். ஏழாண்டுகள் பேசினேன்.

ஒருநாள் துணி துவைக்க எடுத்தபோது என் மனைவி கேட்டாள். "ஏங்க, உங்களுக்கு முதுகுல நடுவுல மட்டும் வேர்க்குமா?"

"பிள்ளை சாஞ்சுக்கிட்டு வருதில்ல, அந்தச் சூடுதான்."

"அவ தோத்துட்டு வர்ற அன்னைக்கு மட்டும் வேர்க்குதே."

சிரித்து மழுப்பிவிட்டேன்.

பிறகு ஓர் அரையிறுதி. அவளுக்குப் பதினைந்து வயது. மூன்றாவது ஆட்டம்வரை எதிராளியை இழுத்துக்கொண்டு போனாள். நடுவில் ஒரு பந்து. வலையோரம் விழப்போகிறது. இவள் பாய்ந்தாள், கால் இடறி விழுந்தாள், விழுந்த நிலையிலேயே மட்டையை நீட்டினாள். இறகு வலையைத் தொட்டும் தொடாமலும் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. எதிராளி வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றாள். அரங்கமே ஆர்ப்பரித்தது. என்னை அறியாமல் நான் எழுந்துவிட்டேன். மடியில் இருந்த பேனா நாற்காலிக்குக் கீழே உருண்டது. குனிந்து தேடி எடுத்தேன், உட்கார்ந்தேன், அவள் அடுத்துச் செய்த பிழையை எழுதினேன்.

கடைசியில் தோற்றாள். திரும்பி வரும்போது கடுங்குளிர். நான் ஒன்பது சிக்னலிலும் ஒன்பது பிழையும் சொன்னேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் முதுகு ஈரம். அந்தக் குளிரில் எவனுக்கு வேர்க்கும்? என் பிள்ளை வழியெல்லாம் என் முதுகில் முகம் புதைத்து அழுதிருக்கிறாள்.

அன்றைக்கு எனக்குப் புரிந்துவிட்டது. புரியவில்லை என்று உங்கள் முன் பொய் சொல்லமாட்டேன். அழட்டும், அழுதால்தான் உறைக்கும் என்று நினைத்தேன். அடுத்த போட்டிக்கும் நோட்டோடு போனேன். பாவி நான், போனேன்!

பின்வரிசையில் ஓர் அப்பா சொல்வது கேட்கிறது. "நல்லதுக்குத்தானே சொல்றோம்?" ஆமாம், தம்பி. நானும் நல்லதுக்குத்தான் சொன்னேன். நான் சொன்ன ஒன்றிலும் தப்பில்லை. கால் தாமதம்தான், சர்வீஸ் உயரம்தான். அதைச் சொல்லப் பயிற்சியாளர் இருக்கிறார், மறுநாள் இருக்கிறது, அவளே கேட்கும் நேரம் இருக்கிறது. தோற்ற பிள்ளைக்கு அந்த நேரத்தில் ஓர் அப்பா வேண்டியிருந்தது. அவளுக்குக் கிடைத்தது ஒரு ப்ரூஃப் ரீடர்.

பதினாறு வயதில் ஒருநாள் கேட்டாள். "அப்பா, இனிமே மேட்ச் முடிஞ்சதும் நான் பஸ்ல வந்துடட்டுமா?"

எனக்குச் சுருக்கென்றது. "அப்பன் வண்டி கசக்குதா?" என்று கத்தினேன். அடுத்த மாதம் மட்டையை உறையில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டாள்.

"ஏம்மா, ஆட்டம் பிடிக்கலையா?"

"ஆட்டம் பிடிக்கும்பா. திரும்பி வர்றதுதான் பயமா இருக்கு."

அந்த மட்டை பிறகு கீழே இறங்கவேயில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்றைக்கு அவள் மருந்தகம் நடத்துகிறாள். என்னிடம் மரியாதையாகப் பேசுவாள், மாத்திரையை வேளை தவறாமல் அனுப்புவாள். ஆனால் மனசைத் திறந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளுக்கு ஒரு பெண், பத்து வயது. குருவி என்று கூப்பிடுவோம். குருவி போன வருடம் மட்டையைப் பிடித்தாள். என் மகள் எனக்கு ஒரே ஒரு கட்டளை போட்டாள். "மேட்சுக்கு மட்டும் நீங்க வராதீங்கப்பா. ப்ளீஸ்."

ஓராண்டு போகவில்லை. போன மாதம் மனசு கேட்கவில்லை. திருடனைப்போலப் போய், ஷூ அடுக்கும் இடத்தில் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். குருவி தோற்றாள். இருபத்தொன்றுக்கு ஒன்பது. பின்னாலேயே வெளியே வந்து, வண்டி நிறுத்துமிடத்தில் என் மகள் என்ன சொல்லப்போகிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"பசிக்குதா?" என்றாள்.

"நான் கேவலமா ஆடினேன்ல, அம்மா?"

"தோத்துட்ட. வருத்தமாத்தான் இருக்கும். ஆனா அந்த மூலைக்கு ஓடி ஒண்ணு எடுத்த பாரு, நான் சீட்டை விட்டு எழுந்துட்டேன்டி!"

குருவிக்கு உதடு பிதுங்கியது. என் மகள் வண்டிச் சாவியைப் பைக்குள் போட்டுவிட்டு அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "அழுது முடிச்சுக்கோ, கண்ணு. அப்புறமா வண்டி எடுக்கலாம். அவசரமே இல்ல."

அழுது முடிக்கும்வரை வண்டியைக் கிளப்பவில்லை, அன்பர்களே. நான் ஏழாண்டுகளில் ஒருமுறைகூடச் செய்யாததை என் மகள் அந்த வெயிலில் செய்தாள். அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? என் முதுகுதான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

அப்போது என்னைப் பார்த்துவிட்டாள். முகம் இறுகியது. என்ன பேசுவதென்று தெரியாமல், இருபத்துமூன்று ஆண்டுகளாய் நெஞ்சில் கிடந்ததைக் கொட்டிவிட்டேன். "அம்மாடி, அந்த அரையிறுதில கீழ விழுந்துக்கிட்டே ஒண்ணு எடுத்தியே. அந்த மாதிரி ஒண்ணை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல."

அவள் அப்படியே நின்றுவிட்டாள். "நீங்க அதைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்மா. எழுந்தே நின்னுட்டேன். பேனா கீழ விழுந்துடுச்சு, குனிஞ்சு எடுத்தேன்."

"எழுந்ததும் நான் முதல்ல உங்களைத்தான் பாத்தேன்பா. நீங்க குனிஞ்சிருந்தீங்க. தப்பை எழுதிட்டிருக்கீங்க, அதைப் பாக்கவேயில்லன்னு நெனச்சேன். இத்தனை வருஷமா அப்படித்தான் நெனச்சிட்டிருக்கேன்."

"மன்னிச்சுடும்மா" என்றேன். "ம்" என்றாள். இந்த முறை அவள் முகத்தைப் பார்த்தேன். பதினைந்து வயதில் நான் பார்க்காத முகத்தை முப்பத்தெட்டு வயதில் பார்த்தேன். அந்த ஆட்டங்களை அவளுக்கு இனி யார் திருப்பித் தருவார்கள்? என்னால் முடியாது.

பெற்றவர்களே! நாளை உங்கள் பிள்ளை வெல்லலாம், வீழலாம். எதுவானாலும் அது முதலில் தேடுவது உங்கள் முகத்தை. அந்த நேரத்தில் குனியாதீர்கள்! செல்போனுக்குக் குனியாதீர்கள், நோட்டுக்குக் குனியாதீர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளை வாங்கிய கோப்பையைப் பார்க்கத் திரும்பாதீர்கள்! பசிக்கிறதா என்று கேளுங்கள். அழுதால் வண்டியை நிறுத்துங்கள். எதைப் பார்த்து எழுந்து நின்றீர்களோ அதை அன்றைக்கே சொல்லுங்கள், என்னைப்போல இருபத்துமூன்று ஆண்டுகள் கழித்துச் சொல்லாதீர்கள்!

நேற்று குருவி போன் செய்தாள். "தாத்தா, நாளன்னைக்கு மேட்சுக்கு நீங்க வரலாமாம். அம்மா சொல்லச் சொன்னாங்க. பேனா மட்டும் கொண்டுவரக் கூடாதாம்."

தலைவர் அவர்களே, என் சட்டைப்பையில் இருப்பது அதே சிவப்புப் பேனா. இதோ, உங்கள் மேசையில் வைக்கிறேன். நாளை நான் வெறுங்கையோடு மாடத்தில் இருக்க வேண்டும். பதாகையில் உள்ள பிழையை யாராவது கண்டுபிடித்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், பேச வாய்ப்புத் தந்த கழகத்துக்கும், என்னை நாளை வரச்சொன்ன என் மகளுக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன். வணக்கம்.